ரப்பரின் உறைநிலை எத்தனை டிகிரி? ஒரு மாணவியின் கேள்வி

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். திடம், திரவம், வாயு பாடம் நடந்துகொண்டிருக்கிறது. உருகுநிலை, உறைநிலை, கொதிநிலை எல்லாவற்றையும் எழுதிப்போட்டு முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர்.

"டீச்சர், அப்பா வாளியில் பால் கொண்டுவருகிறார். அது திரவம். மறுநாள் காலையில் அது ஷீட். அது திடம். நடுவில் யாரும் அதைக் குளிரவைக்கவில்லை. அப்படியானால் ரப்பரின் உறைநிலை எத்தனை டிகிரி?"

வகுப்பில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அமிலம் சேர்ப்பதால் திரிகிறது" என்று ஒற்றை வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. ஒரு பொருளை எது திடமாக்குகிறது என்று கேட்கிறாள். அடுத்த வகுப்பை முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தொழில் தெரிந்தவர்களும் இயற்பியல் தெரிந்தவர்களும் இந்தக் களத்தில் இருக்கிறீர்கள். உதவுங்கள்.

குலசேகரத்தான் எழுதியது:

டீச்சர், தோட்டத்தில் நடப்பதை நான் சொல்கிறேன். காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

விடியும் முன்பே வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் மரம் நீரை இழக்கும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும், பால் குறையும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சாய்வாக, பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று எடுப்போம். பால் அந்தச் சாய்வில் ஓடிச் சிரட்டையில் சொட்டும். சில மணி நேரத்தில் வெட்டுவாய் தானாகவே அடைத்துக்கொள்ளும். அந்தக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் மெல்லிய நாடாவை மறுமுறை வெட்டும்போது உரித்தெடுப்போம். அதுவும் ரப்பர்தான். ஒட்டுப்பால் என்று தனி விலைக்குப் போகும்.

எடுத்த பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து அலுமினியத் தட்டுகளில் ஊற்றுவோம். தண்ணீரில் கலக்கிய ஃபார்மிக் அமிலத்தைச் சேர்த்துக் கிளறி, மேலே வரும் நுரையை வழித்தெடுப்போம். நுரையை விட்டுவிட்டால் ஷீட்டில் குமிழி விழும், தரம் குறைந்துபோகும். பிறகு அதைத் தொடக் கூடாது. மறுநாள் தட்டைக் கவிழ்த்தால் வெள்ளையாக ஒரு பாளம் வரும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும். தட்டில் மிஞ்சுவது கிட்டத்தட்டத் தெளிந்த நீர். பாளத்தை உருளையில் கொடுத்து மெலிதாக்கி, வரி போட்ட உருளையில் ஒருமுறை விட்டு, நீர் வடியவைத்துப் புகைப்புரையில் தொங்கவிட்டால் சில நாட்களில் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். அமிலமே சேர்க்காவிட்டாலும் பால் சும்மா இருக்காது. நாற்றம் எடுத்து, கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். பாலாகவே விற்க வேண்டுமென்றால் உடனே அமோனியா சேர்த்தாக வேண்டும்.

நெடுஞ்சங்கிலி எழுதியது:

பலபடிச் சேர்மங்களில் (பாலிமர்களில்) ஆய்வு செய்கிறவன் நான். குலசேகரத்தான் அண்ணன் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

ரப்பர் பால் ஒற்றைப் பொருள் அல்ல. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். ரப்பர் மிகச் சிறிய உருண்டைகளாக நீரில் சிதறிக் கிடக்கிறது. பெரியவையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. எல்லா உருண்டைக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. அமிலம் அந்த மின்னூட்டத்தை அணைத்துவிடுகிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாதபோது, மோதும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு தட்டு முழுவதும் ஒரே வலையாகின்றன. அமிலம் சேர்க்காவிட்டால் நுண்ணுயிரிகளே பாலில் அமிலத்தை உண்டாக்கி அந்த வேலையைச் செய்துவிடும். அமோனியா இரண்டையும் தடுக்கிறது: காரத்தன்மையைக் கூட்டி மின்னூட்டத்தைக் காப்பாற்றுகிறது, நுண்ணுயிரிகளையும் ஒடுக்குகிறது.

இதில் வெப்பநிலை எங்குமே வரவில்லை. அந்தப் பெண் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறாள்.

வினாக்குறி எழுதியது:

அப்படியானால் இது நிலைமாற்றமே அல்லவே? நீரில் மிதந்த துகள்கள் நீரிலிருந்து பிரிந்தன, அவ்வளவுதான். ரப்பர் முன்பும் திடம், பின்பும் திடம். சேற்று நீர் தெளிந்து மண் அடியில் தங்குவதை யாரும் "மண் உறைந்தது" என்று சொல்வதில்லை. மூன்று நிலைகள் என்ற பாடத்தில் எந்தக் குறையும் இல்லை. மாணவியிடம் இதைச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

நெடுஞ்சங்கிலி எழுதியது:

வினாக்குறி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் உங்கள் வாதம் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறது: அந்த உருண்டைக்குள் இருக்கும் ரப்பர் திடம் என்று. அதைத்தான் நான் கேள்விக்கு உட்படுத்துகிறேன்.

இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் அழுத்திச் சுருக்குவது ஒன்று. அதன் கன அளவை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவது இன்னொன்று. அழுத்திச் சுருக்குவதில் ரப்பர் ஏறத்தாழ நீருக்குச் சமம். இரண்டுக்கும் 2 கிகாபாஸ்கல் அளவில்தான் வருகிறது (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு; ஒரு கிகாபாஸ்கல் ஆயிரம் மெகாபாஸ்கல்). வடிவத்தை மாற்றுவதிலோ, சாதாரண ரப்பர் வளையத்துக்கு ஒரு மெகாபாஸ்கல் அளவு போதும். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். எஃகில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருக்கும். கன அளவை விட்டுக்கொடுக்காமல் வடிவத்தை மட்டும் எளிதாக விட்டுக்கொடுப்பது எதன் குணம்? திரவத்தின் குணம்.

காரணம் இதுதான். ரப்பர் மூலக்கூறு என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு அலகுகள் பத்தாயிரத்துக்கும் மேல் கோத்த நீண்ட இழை. அறை வெப்பநிலையில் அந்த இழையின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டுகளைத் தாண்டி ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. சில நானோமீட்டர் அளவில் நின்று பார்த்தால் அங்கே நடப்பதும் ஒரு திரவத்துக்குள் நடப்பதும் ஒன்றே. ஆனால் முழு இழை இடம்பெயர வேண்டுமென்றால் தன்னைச் சுற்றியுள்ள சிக்கலிலிருந்து நீளவாட்டில் ஊர்ந்துதான் வெளியே வர முடியும், புதருக்குள் பாம்பு ஊர்வதுபோல. பிரெஞ்சு இயற்பியலர் பியர்-ஜில் தெ ஜென் 1971-இல் இந்தக் கோட்பாட்டை முன்வைத்தார். இழையின் நீளம் இரட்டித்தால் ஊர்ந்து வெளியேறும் நேரம் எட்டு மடங்காகும் என்பது அவருடைய கணக்கு. அளந்து பார்த்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. அவருக்கு 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் உரைக்கு அவர் வைத்த தலைப்பே மென்பொருண்மையை (soft matter, ரப்பர் போன்ற மென்மையான பொருள்களை)ப் பற்றியதுதான்.

ஆகவே புகைபோட்ட ஷீட், கந்தகம் சேர்க்காதவரை, மிக மிக மெதுவாக ஓடும் திரவம். எனக்கு இதில் ஐயமே இல்லை.

குலசேகரத்தான் எழுதியது:

ஷீட் ஓடும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷீட்டுகளை அடுக்கிக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நெடுநாள் வைத்திருந்தால் அடியில் இருக்கும் கட்டு பக்கவாட்டில் பிதுங்கி வரும். இரண்டு ஷீட் சேர்ந்த இடம் ஒட்டி ஒன்றாகிவிடும். பிரிக்கப் பார்த்தால் ஒட்டிய இடத்தில் பிரியாமல் வேறு எங்கோ கிழியும். இதற்காகவே கட்டின் மேல் வெள்ளைப் பவுடர்க் கரைசல் பூசுவார்கள்.

வினாக்குறி எழுதியது:

பிதுங்குவது சரி. ஆனால் இந்த வழியில் போனால் எங்கே போய் நிற்போம்? பழைய தேவாலயங்களின் ஜன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடித்திருக்கிறது, கண்ணாடியும் ஓடுகிறது என்று சொல்கிறார்கள். பூமியின் உட்பாறையும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. போதுமான காலம் கொடுத்தால் எல்லாமே திரவம் என்றால் "திடம்" என்ற சொல்லுக்கு என்ன வேலை?

தார்ச்சாலை எழுதியது:

சாலைப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தாரோடு பழகியவனுக்கு இந்தக் கேள்வி அன்றாடம் எழுவது.

முதலில் கண்ணாடி. அந்த ஜன்னல் கதை உண்மையல்ல. பழைய காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கி வெட்டினார்கள். துண்டுக்குத் துண்டு, ஓரத்துக்கு ஓரம் தடிமன் மாறும். பொருத்தியவர்கள் பல இடங்களில் தடித்த ஓரத்தைக் கீழே வைத்தார்கள். மேற்பக்கம் தடித்த கண்ணாடிகளும் இருக்கின்றன. அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டுமென்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது என்பதைக் கணக்கிட்டே காட்டிவிட்டார்கள்.

இனி தார். நெடுஞ்சாலையில் சிக்னலுக்கு முன்னாலும் பேருந்து நிறுத்தத்திலும் மட்டும் சக்கரத் தடம் பள்ளமாக இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே லாரி, அதே எடை, அதே தார்க்கலவை, அதே வெயில். ஓடும் லாரி ஒரு புள்ளியின் மேல் நிற்பது ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி. அதற்குள் தார் திடமாக நின்று தாங்கித் திரும்பிவிடுகிறது. சிக்னலில் லாரி ஒரு நிமிடம் நிற்கிறது. அந்த நிமிடத்துக்குள் தார் திரவமாக விலகிக்கொள்கிறது. வடிவமைப்பில் இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் போட்ட சாலை முதல் கோடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் தாரின் மென்மையை அளக்கும் சோதனையிலேயே நேரம் உள்ளடங்கியிருக்கிறது. 25 டிகிரி செல்சியசில் வைத்த தாரின் மேல் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 நொடி இறங்கவிடுவோம். எத்தனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கியது என்பதே அளவு. "5 நொடி" என்பதை எடுத்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. விட்டுவைத்தால் ஊசி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் புனலில் ஊற்றிவைத்த கீல் (தாரைப் போன்ற கரும்பொருள்) இன்றும் சொட்டுகிறது. சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் அதே பொருள். புனலின் அடியை வெட்டித் திறந்தது 1930-இல். 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள். அதன் பாகுநிலை நீரைப்போல் ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வினாக்குறி கேட்டதற்கு எங்கள் துறையில் நேரடியான பதில் உண்டு. பொருள் தன்னைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரத்தை, நாம் அதைக் கவனிக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். ஒன்றைவிட மிகப் பெரிய எண் வந்தால் அந்தக் கவனிப்பில் அது திடம். மிகச் சிறிய எண் வந்தால் திரவம். அறிவியலர் மார்க்கஸ் ரெய்னர் இதற்குத் தெபொராள் எண் என்று பெயரிட்டார். மலைகளும் ஓடும் என்று பொருள்படும்படி தீர்க்கதரிசினி தெபொராள் பாடியதாக விவிலியத்தில் வருவதே காரணம். குமரியில் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஆகவே "திடம்" என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "எத்தனை நேரத்துக்கு?" என்பதை அதோடு சேர்த்தாக வேண்டும்.

பழம்பொருள் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. மெக்சிகோவின் எல் மனாட்டி சதுப்பில் கிடைத்த ரப்பர் பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தவை. அங்கே பால் எடுத்தது வேறொரு மரத்திலிருந்து. அந்தப் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, பந்து நன்றாகத் துள்ளும்படி பக்குவப்படுத்தினார்கள். ஐரோப்பியர்களோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, கோடையில் பிசுபிசுத்தும் குளிரில் விறைத்தும் போகும் ரப்பர் பொருட்களை வைத்துக்கொண்டு திணறினார்கள். சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வேரான விதைகள் 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்த கன்றுகளாக இலங்கைக்கு வந்தன.

நெடுஞ்சங்கிலி எழுதியது:

பழம்பொருள் சொன்ன குட்இயரிடம்தான் மாணவியின் கேள்விக்கு உண்மையான விடை இருக்கிறது. கந்தகம் ஓர் இழைக்கும் பக்கத்து இழைக்கும் இடையே பாலம் போடுகிறது. எத்தனை பாலம் தெரியுமா? தெ ஜென் தன் நோபல் உரையில் சொல்லும் கணக்கு: ஏறக்குறைய 200 கார்பன் அணுக்களில் ஒன்று மட்டும் கந்தகத்தோடு வினைபுரிந்தால் போதும். மற்ற 199-க்கு எதுவும் நடக்கவில்லை. அவை முன்போலவே நெளிகின்றன. ஆனால் எந்த இழையும் இனி முழுதாக ஊர்ந்து வெளியேற முடியாது. ஓடிக்கொண்டிருந்த பொருள், எத்தனை யுகம் காத்திருந்தாலும் ஓடாத பொருளாகிவிட்டது. இங்கும் வெப்பநிலை குறைந்து உறையவில்லை. சொல்லப்போனால் சூடாக்கித்தான் திடமாக்கினார்கள்!

இவ்வளவு சிறிய தலையீட்டுக்கு இவ்வளவு பெரிய பலன் என்பதுதான் மென்மையான பொருள்களின் இயல்பு என்று நான் கருதுகிறேன். பாலில் சில துளி அமிலம், ஷீட்டில் சிறிது கந்தகம். இரும்பை இப்படி மாற்ற முடியாது. இரும்பில் அணுவும் அணுவும் நேரடியாக இறுகப் பிணைந்திருக்கின்றன. மென்மையான பொருளில் அலகுகள் பெரியவை. அவற்றுக்கு இடையிலான பிடி பலவீனமானது, அறை வெப்பத்தின் அதிர்வே அசைத்துவிடும் அளவுக்கு.

கரும்பலகை எழுதியது:

எத்தனை தெளிவு! எல்லோருக்கும் நன்றி. தெபொராள் எண்ணைக் கண்டிப்பாகச் சொல்வேன். எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். உள்ளே திரவம் என்றால் இழுத்துவிட்ட ரப்பர் ஏன் திரும்புகிறது? மாணவர்கள் கையால் செய்து பார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா?

நெடுஞ்சங்கிலி எழுதியது:

இருக்கிறது டீச்சர். செலவே இல்லாதது. அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் தொடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே சற்று நேரம் பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப் இதை 1805-இல் எழுதிவைத்தார். சிறுவயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர் அவர். உதட்டின் உணர்வை வைத்தே கண்டுபிடித்தார். பிறகு இயற்பியலர் ஜேம்ஸ் ஜூல் 1859-இல் அதை அளந்து உறுதிசெய்தார்.

இரண்டாவது சோதனை: வளையத்தை ஆணியில் மாட்டி, இரண்டு மடங்காவது நீளும்படி எடை தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல். முடி உலர்த்தும் கருவியால் வளையம் முழுவதும் சூடான காற்றைக் காட்டுங்கள். உலோகக் கம்பியானால் நீளும். இதில் எடை மேலே ஏறும்.

ஏன்? இழை நேராக நிற்க ஒரே வழிதான் உண்டு. சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள். வெப்பத்தின் அதிர்வு இழையை ஓயாமல் கலைத்துப் போட்டுக்கொண்டே இருப்பதால் அது சுருண்ட நிலைக்கே திரும்புகிறது. நாம் உணரும் இழுவிசை அந்தக் கலைப்பின் விசை. வெப்பம் கூடினால் கலைப்பும் கூடும். வளையம் இன்னும் பலமாக இழுக்கும். ரப்பரின் விறைப்பு அதன் திரவத்தன்மையிலிருந்தே பிறக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் பெரிய மாணவர்களுக்குச் சொல்லுங்கள். குளிரக் குளிர இழைகளின் நெளிவு மந்தமாகும். இயற்கை ரப்பர் சுமார் மைனஸ் 70 டிகிரியில் கண்ணாடியாக விறைத்துவிடும். அதற்கு வெகு முன்பே திரும்பும் வேகம் குறையத் தொடங்கிவிடும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73-ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த செயற்கை ரப்பர் வளையம், குளிர்ந்த அந்தக் காலையில், இடைவெளி திறந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விரியவில்லை. விசாரணையின்போது இயற்பியலர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியில் நெரித்து, பனிநீரில் போட்டு எடுத்து, அது உடனே திரும்பாததை எல்லோர் முன்னாலும் காட்டினார். தார்ச்சாலை சொன்ன அதே நேரக் கணக்குதான், உயிர்களை வாங்கிய இடத்தில்.

வினாக்குறி எழுதியது:

எடை மேலே ஏறும் சோதனையை இப்போதே செய்து பார்த்தேன். ஏறுகிறது. அளவுகோல் இல்லாமலே தெரிகிறது.

என் அடுத்த கேள்வி தெருவில் குவிந்து கிடப்பதைப் பற்றியது. பாலங்களால் கட்டிய இழைகள் எத்தனை யுகமானாலும் ஓடாது என்கிறீர்கள். அப்படியானால் தேய்ந்த டயரை உருக்கி மறுபடி வார்க்க வழியே இல்லையா?

தார்ச்சாலை எழுதியது:

பிளாஸ்டிக் வாளியை உருக்குவதுபோல் டயரை உருக்க முடியாது. சூடாக்கிக்கொண்டே போனால் உருகாமல் கருகும். டயர் முழுவதும் வேதிப்பிணைப்பால் கட்டிய ஒரே வலை. ஓட வேண்டுமானால் பிணைப்பை அறுத்தாக வேண்டும். கந்தகப் பாலங்களை மட்டும் அறுத்து ரப்பரை மீட்கும் முறைகள் உண்டு. இழையும் கூடவே அறுபடுவதால் பழைய தரம் வராது.

நாங்கள் செய்வது வேறு. டயரைத் தூளாக அரைத்துச் சூடான தாரில் கலக்கிறோம். தூள் கரைவதில்லை. தாரில் உள்ள இலேசான எண்ணெய்களை உறிஞ்சி உப்புகிறது. எண்ணெய் உள்ளே போனதால் மிச்சமுள்ள தார் கெட்டிப்படுகிறது. உப்பிய தூள் மீளும் தன்மையைத் தருகிறது. சிக்னலில் லாரி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் தார் விலகி ஓடுவதை இது மட்டுப்படுத்துகிறது. கலவையைச் சூட்டில் நெடுநேரம் போட்டுவைத்தால் தூள் சிதைந்து பலன் போய்விடும். கிளறாமல் விட்டால் அடியில் தங்கும். பணியிடத்தில் இந்த இரண்டிலும்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. டீச்சருக்கு வேண்டுமானால் சாதாரணத் தாரும் தூள் கலந்த தாரும் தனித்தனி டப்பியில் தருகிறேன். இரண்டின் மேலும் ஒரே அளவு நாணயத்தை வைத்து, எது முதலில் மூழ்குகிறது என்று வாரக்கணக்கில் பார்க்கலாம்.

கரும்பலகை எழுதியது:

தார் டப்பிகள் கட்டாயம் வேண்டும் சார். மேசையில் வைத்து, தேதி எழுதும் பொறுப்பை அந்த மாணவியிடமே கொடுத்துவிடுகிறேன். தேர்வில் ரப்பர் திடம் என்றே எழுதச் சொல்வேன். அடைப்புக்குறிக்குள் நேரத்தையும் எழுதினால் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

குலசேகரத்தான் அண்ணன், வகுப்பிலேயே பால் திரிவதைக் காட்ட ஆசை. கொஞ்சம் பால் கிடைக்குமா? எப்படிக் கொண்டுவருவது?

குலசேகரத்தான் எழுதியது:

தருகிறேன் டீச்சர். இரண்டு பாட்டிலாகத் தருகிறேன். ஒன்றில் அமோனியா சேர்த்தது, ஒன்றில் சேர்க்காதது. இரண்டையும் மூடியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறுநாளே வித்தியாசம் தெரிந்துவிடும். அமோனியா பாட்டிலைத் திறக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஃபார்மிக் அமிலம் பிள்ளைகள் கையில் வேண்டாம்; தோலைச் சுட்டுவிடும். கடையில் கிடைக்கும் வினிகரே போதும். அமோனியா சேர்க்காத பாலில் ஊற்றுங்கள்; சேர்த்ததில் ஊற்றினால் அமிலம் அமோனியாவோடு சண்டை போடுவதிலேயே தீர்ந்துபோகும், நிறைய வேண்டிவரும். ஊற்றிக் கிளறியதும் நுரையை வழித்துவிடச் சொல்லுங்கள். துணியில் பட்டால் போகவே போகாது, அதனால் சீருடைக்கு மேல் பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வரட்டும். புகை போடாத ஷீட் ஒரு துண்டும் வைக்கிறேன், மடித்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்கு.

மழை பெய்தால் அன்று வெட்டு இருக்காது. வகுப்பு எந்த நாள் என்று முந்தின மாலையே இங்கே எழுதிவிடுங்கள். அன்று அதிகாலை வெட்டிய பாலையே பள்ளி வாசலில் கொடுத்துவிடுகிறேன்.